மரகதம் சொன்ன அஞ்சு நிமிஷம்

பெங்களூர் மர்பி டவுனில் மரகதம் வீடு எது என்று யாரையாவது விசாரித்தால் முதலில் தெருக்குழாயைக் காட்டுவார்கள், அப்புறம்தான் வீட்டை. வீடும் இருக்கத்தான் இருக்கிறது. பதினேழாம் நம்பர், ஓட்டுக்கூரை, பச்சைக் கதவு. ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியற்காலை நாலரை மணிக்குக் குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டத் தொடங்கும்போது அதன் பக்கத்தில் நிற்பது மரகதம். ஏழரைக்கு மேல் அது ஓயும்போதும் நிற்பது அவள்தான். இடையில் நடப்பது முழுக்க அவள் ராஜ்ஜியம்.

நாற்பத்தோரு வீட்டுக்கு ஒரே குழாய். வீட்டுக்கு மூன்று குடம், அதற்கு மேல் ஒரு சொம்பு கூடக் கிடையாது. இந்தச் சட்டத்தை எந்த அதிகாரியும் போடவில்லை. ஒரு காலத்தில் அங்கே தினமும் குடுமிப்பிடி சண்டை. ஒரு நாள் சண்டை போட்டுக் களைத்த பெண்கள் எல்லோரும் ஓரமாக நின்றிருந்த மரகதத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் "மூணு" என்றாள். அதோடு முடிந்தது. குரலை உயர்த்தவே தெரியாதவள், அந்தத் தெருவில் அவள் சொல்லுக்கு மட்டும் எதிர்ப்பேச்சு கிடையாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

அவள் பிறந்தது நீலசந்திராவில். இருபது வயதில் சாமிநாதனுக்கு வாழ்க்கைப்பட்டு மர்பி டவுனுக்கு வந்தாள். சாமிநாதன் சிவாஜிநகரில் ஒரு இரும்புக் கடையில் பாரம் ஏற்றி இறக்கும் ஆள். வாயைத் திறந்தால் காசு கேட்பார்களோ என்பது போல அத்தனை அமைதி. தெருவில் முக்கால்வாசிப் பெண்களுக்கு இந்திரா நகர் பங்களாக்களில் வேலை, ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். மரகதத்துக்கு மட்டும் அல்சூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா வேலை, ஒன்பது மணிக்குப் போனால் போதும். எதிர்வீட்டு சந்திரம்மா ஒரு நாள், "அக்கா, என் குடத்த ஸ்வல்ப பாத்துக்கோங்கோ, இப்ப ஓடலன்னா அந்தம்மா வேலைய விட்டே தூக்கிடும்" என்றாள். மரகதம் பார்த்துக்கொண்டாள். அடுத்த வாரம் நான்கு வீட்டுக் குடம். வருஷம் திரும்புவதற்குள் இருபத்தாறு வீட்டுக் குடம். பதினெட்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. யாரும் அவளை நியமிக்கவில்லை, அவளும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

இந்த ராஜ்ஜியத்துக்குள் ஒரே ஒருத்திக்கு மட்டும் அனுமதி இல்லை. அவள் மகள் சரளா. "நீ பொஸ்தகத்த எடு" என்பதோடு சரி. இருபது வயது வரை சரளா குழாயடியில் ஒரு குடம் பிடித்தவள் இல்லை. அவள் எழுந்திருக்கும்போது அடுப்படியில் மூன்று குடமும் நிரம்பி இருக்கும். தண்ணீர் என்றால் வீட்டுக்குள் இருப்பது என்றுதான் அவள் வளர்ந்தாள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பெற்றவள் அப்படி வளர்த்தாள், பெண் அப்படி வளர்ந்தது.

தொண்ணூற்றேழாம் வருஷம் சரளா பி.ஏ. எகனாமிக்ஸ் கடைசி வருஷம். அந்தத் தெருவில் கல்லூரிப் படியேறி மூன்றாவது வருஷம் வரை வந்த முதல் பெண். அந்த வருஷம் அவர்கள் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, ஜனங்களிடம் கேட்டு, கணக்குப் போட்டு, எழுதி, பைண்ட் பண்ணி, வெளிக் கல்லூரியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் முன்னால் நின்று பேச வேண்டும். வழிகாட்டுகிற சுனிதா மேடம் கையெழுத்துப் போட்டால்தான் கட்டுரை உள்ளே போகும். கட்டுரை இல்லாவிட்டால் டிகிரி இல்லை. சரளா இதை வீட்டில் ஒரு தடவைதான் சொன்னாள். மரகதம் அதை ஒன்பது வீட்டில் சொன்னாள்.

சுனிதா மேடம், "லைப்ரரியிலிருந்து காப்பி அடிக்காதே, உன் தெருவில் என்ன இருக்கிறதோ அதை எழுது" என்று சொல்லியிருந்தாராம். சரளா தண்ணீரை எடுத்துக்கொண்டாள். தண்ணீர் பிடிக்க ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நேரம் போகிறது, அதுதான் கேள்வி. அல்சூர் பஜாரில் டெஸ்மண்ட் கடையில் படிவத்தை டைப் அடித்து நாற்பத்தோரு ஜெராக்ஸ் எடுத்துவந்தாள்.

மரகதம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்தக் கட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு தாளிலும் எழுத்து வரிசை, பக்கத்தில் காலி இடம். மலைப்பாக இருந்தது அவளுக்கு.

"இவ்ளோ கேள்வியும் நீயே போட்டதா?"

"ஆமாம்மா."

"பதில் யாரு சொல்றது?"

"நீங்கதான், தெருவுல எல்லாரும்."

"மார்க்கு?"

"மார்க்கு எனக்கு."

சரளா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். மரகதம் சிரிக்கவில்லை. நாற்பத்தோரு பேர் சொல்லப்போகிற பதிலுக்கு மார்க் தன் பெண்ணுக்கு. நாற்பத்தோரு பேரில் ஒருத்தி உளறினாலும் பெண்ணின் டிகிரிக்கு ஆபத்து. இதை இந்தப் பெண் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போகிறதே என்று அவளுக்குப் பயமாகிவிட்டது.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கையில் காகிதத்தோடு தெருவுக்குள் வருகிறவர்களை அந்த ஜனங்கள் இன்று நேற்றா பார்க்கிறார்கள்? ரேஷன் கார்டுக்கு ஆள் வந்தால் ரேடியோவைப் போர்வைக்குள் சுருட்ட வேண்டும். ஸ்கூல் அட்மிஷனுக்குக் கேட்டால் அப்பா எட்டாவது பாஸ். கார்ப்பரேஷன்காரன் வந்தால் வீட்டில் மூன்று பேர்தான். வேறொரு ஆபீஸ்காரன் வந்தால் அதே வீட்டில் எட்டுப் பேர். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு சரியான பதில் உண்டு, அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறவன் பிழைத்தான் என்பது அங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும்.

எனவே மரகதம் சாயங்காலமே தெருவில் இறங்கி வீடு வீடாக ஏறிவிட்டாள்.

"நாளைக்கு எம்பொண்ணு தாள் எடுத்துக்கினு வரும். குழாய்கிட்ட எவ்ளோ நேரம் நிக்கறீங்கோன்னு கேக்கும். அஞ்சு நிமிஷம்னு சொல்லுங்கோ. மணிக்கணக்கா நிக்கறோம், குண்டி காயறோம்னு பொலம்பிட்டு இருக்காதீங்கோ. நம்ம தெருவ காலேஜுல கேவலமா நெனச்சிடுவாங்கோ. பொண்ணுக்கு மார்க்கு போயிடும்."

"ஐயே, நம்ம சரளாவுக்கா? அஞ்சு இன்னாக்கா, மூணுன்னே சொல்றேன்" என்றாள் சந்திரம்மா.

"மூணு சொன்னா நம்ப மாட்டாங்கோ. அஞ்சு."

மறுநாள் சரளா நோட்டும் பேனாவுமாகப் போனபோது தெருவே பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. முப்பத்தொன்பது வீட்டில் அஞ்சு நிமிஷம். புதிதாகக் குடிவந்த ஒருத்தி மட்டும் பதற்றத்தில் ஆறு என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சந்திரம்மா நாலு என்றாள். சொன்னதை விட ஒரு நிமிஷம் குறைத்தால் ஒரு மார்க் கூட வரும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. கடைசியாகச் சரளா தன் வீட்டுக்கே வந்து தன் அம்மாவையே கேட்டாள். மரகதம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மேடத்துக்குப் பதில் சொல்கிற மரியாதையோடு, "அஞ்சு நிமிஷம்" என்றாள்.

சரளா அதை எழுதிக்கொண்டாள். அவள் நம்பினாள் என்பதுதான் இதில் பெரிய விஷயம். பதினெட்டு வருஷமாகப் பெற்றவள் எங்கே நிற்கிறாள் என்று தூங்குகிற பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

பத்து நாள் கழித்து, பிப்ரவரி கடைசியில், சரளா கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். அழுகை இல்லை. அதுதான் மரகதத்துக்குப் பயமாக இருந்தது.

"இன்னாடி ஆச்சு?"

"மேடம் கையெழுத்துப் போட மாட்டாங்களாம். ஒரே குழாய், நாப்பத்தோரு வீடு, எல்லாரும் அஞ்சு நிமிஷத்துல தண்ணி புடிச்சிட்டுப் போறாங்களா, ஒருத்தி கூட இன்னொருத்திக்காக நிக்கலையான்னு கேட்டாங்க. வீட்ல உக்காந்து நீயே எல்லாத் தாளையும் எழுதிட்டேன்னு சொல்றாங்கம்மா. மத்த பொண்ணுங்க செய்வாங்க, நீ செய்வேன்னு நெனக்கலன்னு சொன்னாங்க. மூணு வாரத்துல உண்மையான கணக்கு கொண்டுவரணும். இல்லன்னா இந்த வருஷம் இல்ல."

தன் பெண்ணைப் பொய்க்காரி என்று ஒருவர் சொல்லிவிட்டார். பெண் பொய் சொல்லவில்லை. சொன்னது யார்? மரகதம் மறைக்க நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் முகம் காட்டிக்கொடுத்திருக்கும்.

"நாந்தான்டீ அல்லாரையும் சொல்லச் சொன்னேன். நல்ல பதிலு சொன்னா ஒனக்கு நல்லதுன்னு."

சரளா அம்மாவைப் பார்த்தாள். கோபம் வந்து, சிரிப்பு வந்து, மறுபடி கோபம் வந்து, எதுவும் வெளியே வராமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த ராத்திரியும் மறுநாளும் பேச்சில்லை. சாமிநாதன் இரண்டு பேர் தட்டையும் பார்த்துவிட்டு வழக்கம் போல ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சரளா அவர் கையிலிருந்த எச்.எம்.டி. வாட்சைக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

"இனிமே யாரையும் கேக்கப் போறதில்ல. நானே வந்து பாக்கறேன். நாளைக்குத் தண்ணி வரும்ல?"

நாலரை மணிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நாற்காலி ஒன்றைக் குழாய்க்கு எதிரே போட்டு, மடியில் நோட்டோடு சரளா உட்கார்ந்தாள். தெருப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மரகதம் அவர்களிடம், "அவ இருக்கறத மறந்துடுங்கோ. தெனம் பண்றத பண்ணுங்கோ" என்றாள். இந்த முறை சொல்லிக்கொடுக்க வேறு ஒன்றும் இல்லை.

குடங்கள் வரிசையில் வந்தன. கழுத்தில் கட்டியிருந்த துணிக் கிழிசலின் நிறத்தைப் பார்த்தே மரகதம் எது யாருடையது என்று சொன்னாள். வீட்டில் இருக்கிற பெண்கள் தங்கள் முறை வரும்வரை வரிசையில் நின்றார்கள், வேலைக்குப் போகிறவர்கள் குடத்தை வைத்துவிட்டு ஓடினார்கள். அவர்களுடைய குடங்களை மரகதம் குழாய்க்கு அடியில் வைத்தாள், நிரம்பியதும் தூக்கி ஓரமாக வைத்தாள், அடுத்ததை வைத்தாள். வாட்சில் ஒரு குடத்துக்கு ஒன்றரை நிமிஷம் ஆனது. நூற்று இருபத்து மூன்று குடம்.

முதல் அரை மணி சரளா வேகமாக எழுதினாள். அப்புறம் பேனா மெதுவாகியது. ஐம்பதாவது குடமோ அறுபதாவது குடமோ, மரகதம் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தபோது சரளா நோட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"குடும்மா, நான் தூக்கறேன்."

"உக்காரு. நீ தூக்கினா கணக்கு தப்பாப் போயிடும்."

சரளா நின்றாள். அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அதற்கு மறுபேச்சே கிடையாது. திரும்பிப் போய் உட்கார்ந்து எழுதினாள். எழுதும்போது அவள் உதடு நடுங்கியதை மரகதம் பார்த்தாள், குளிர் என்று நினைத்துக்கொண்டாள். மரகதத்துக்கு வேறொரு பிரமிப்பு. தான் ஒவ்வொரு முறை குனிந்தபோதும் நிமிர்ந்தபோதும் அங்கே பேனா அசைந்தது. தான் செய்கிற வேலை ஒரு தாளில் ஏறிக்கொண்டே போகிறது. குடம் தூக்குவதற்கு எழுத்து உண்டு என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஆறு தண்ணீர் நாள் சரளா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறாம் நாள் கணக்கை எடுத்துப் போனபோது சுனிதா மேடம் முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பழைய படிவம் ஏன் அப்படி வந்தது என்று மட்டும் கேட்டார். "நான் கேட்டது சரியில்ல மேடம்" என்றாள் சரளா. அம்மாவைச் சொல்லவில்லை. கட்டுரையிலும் 'ஐந்து நிமிடம் என்றே பதில் வந்த முதல் கணக்கெடுப்பு கைவிடப்பட்டது' என்று ஒரே ஒரு வரி. டெஸ்மண்ட் அதையும் டைப் அடித்து, நீல அட்டையில் பொன்னெழுத்துப் போட்டு பைண்ட் பண்ணிக் கொடுத்தான்.

பேச வேண்டிய நாள் மார்ச் இருபத்தாறு, புதன்கிழமை. வீட்டார் வந்தால் பின்வரிசையில் உட்காரலாம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். மரகதம் நர்சரியில் அரை நாள் லீவு கேட்டு, கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிற ஊதாப் புடவையைக் கட்டி, சிவாஜிநகர் பஸ்ஸில் தனியாக வந்து சேர்ந்தாள். அவள் கல்லூரி என்ற ஒன்றுக்குள் நுழைந்தது அன்றுதான். வராந்தாவில் நடந்தபோது தரை அத்தனை வழவழப்பாக இருந்தது, செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள்.

ஹாலில் விளக்கை அணைத்தார்கள். ஒரு பெட்டியிலிருந்து வெளிச்சம் கிளம்பிச் சுவர் முழுக்கப் பரவியது. அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் சரளா நின்று இங்கிலீஷில் பேசினாள். மரகதம் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். தன் வயிற்றில் பிறந்தது, நேற்று ராத்திரி ரசத்தில் உப்பு இல்லை என்று முகம் சுளித்தது, இன்று முன்வரிசையில் கோட்டுப் போட்ட ஆட்களுக்கு முன்னால் தடங்கல் இல்லாமல் பேசுகிறது. ஆட்கள் தலையாட்டிக் கேட்கிறார்கள். மேலே யாரோ ஒரு கடவுள் இருக்கிறார், அவருக்கு மர்பி டவுன் விலாசமும் தெரிந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

இங்கிலீஷ் புரியவில்லை. ஆனால் நர்சரியில் வேலை பார்த்ததில் நம்பர் தெரியும், குழந்தைகளுக்குச் சொல்கிற பத்து இருபது வார்த்தை தெரியும். சரளா ஒரு கண்ணாடித் தாளைப் பெட்டியின் மேல் வைத்தாள். சுவரில் வரிசையாகக் கோடுகள் எழும்பின. ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே வீட்டு நம்பர். வேலைக்குப் போகிறவர்களின் கோடுகள் விரல் உயரம், வீட்டில் இருப்பவர்களின் கோடுகள் முழங்கை உயரம். நடுவில் ஒரே ஒரு கோடு மட்டும் மற்ற எல்லாவற்றையும் தாண்டி, சுவர் முடிகிற இடம் வரை போய் நின்றது. அதன் கீழே இருந்த நம்பரை மரகதம் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பதினேழு.

அது தன் வீடு என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகும் கண்ணை எடுக்க முடியவில்லை. அவ்வளவு பெரியதாக அவளை யாரும் எங்கேயும் வரைந்ததில்லை.

சரளா முடித்தாள். விளக்கைப் போட்டார்கள். எக்ஸ்டர்னல் நரைத்த மீசை வைத்த மனிதர். நீல அட்டைப் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். சரளா ஏதோ சொன்னாள். அவர் மறுபடி கேட்டார், குரல் சற்றுக் கடுமையாக. சரளா பதில் சொல்லவில்லை. தரையைப் பார்த்தாள். சுனிதா மேடம் கையிலிருந்த பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். எக்ஸ்டர்னல் மூன்றாவது முறை கேட்டபோது மரகதத்தின் காதில் இரண்டு வார்த்தை விழுந்தது. ஃபைவ் மினிட்ஸ். விளையாட்டு நேரம் முடிவதற்கு முன் நர்சரி டீச்சர் தினமும் சொல்கிற வார்த்தை அது.

மரகதத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பழைய தாள்களைப் பற்றித்தான் கேட்கிறார். நீயே எழுதினாயா என்றுதான் கேட்கிறார். பெண் வாயைத் திறக்காமல் நிற்பது தன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான். இத்தனை பேர் முன்னால் 'எங்கம்மா சொல்லிக்கொடுத்த பொய்' என்று சொல்ல அதற்கு மனம் வரவில்லை. அந்த மௌனத்தில் அதன் டிகிரி போய்க்கொண்டிருக்கிறது.

மரகதம் எழுந்தாள். எழுந்து, நர்சரிக் குழந்தைகள் தூக்குவது போல வலது கையைத் தூக்கினாள்.

ஹாலே திரும்பிப் பார்த்தது. எக்ஸ்டர்னல் கண்ணாடிக்கு மேலே பார்த்து, சொல்லுங்கள் என்று கன்னடத்தில், "ஹேளி அம்மா" என்றார். கன்னடம் என்றதும் அவளுக்குப் பாதி உயிர் வந்தது. பிறந்த நாளிலிருந்து தெருவில் பேசுகிற பாஷை. கன்னடத்திலேயே சொன்னாள்:

"சார், அது என் தப்பு. பொண்ணு வீடு வீடாப் போய்க் கேட்டா, நான் பார்த்தேன். அதுக்கு முந்தின நாளே நான் எல்லா வீட்டுக்கும் போய் அஞ்சு நிமிஷம்னு சொல்லச் சொல்லிட்டேன். நல்ல பதில் சொன்னா அவளுக்கு மார்க் கிடைக்கும்னு நெனச்சேன். படிக்காதவ சார். அவ ஒரு எழுத்து கூடப் பொய் எழுதல."

யாரும் சிரிக்கவில்லை. எக்ஸ்டர்னல் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏன் அஞ்சு? நல்ல பதில் அஞ்சுன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். தாள் எடுத்துக்கிட்டு யார் வந்தாலும் எங்க கஷ்டத்த எழுதி எடுத்துட்டுப் போவாங்க. திரும்பி வர மாட்டாங்க. கஷ்டத்தச் சொல்லி என்ன ஆச்சு? கேவலம்தான் மிச்சம். அதான் கம்மியாச் சொன்னோம்."

அவர் திரும்பிப் பின்னால் சுவரைப் பார்த்தார். கண்ணாடித் தாளை யாரும் எடுத்திருக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் கோடுகள் வெளிறித் தெரிந்தன.

"நீங்க எந்த வீடு?"

"பதினேழு."

"நீங்களும் அஞ்சு நிமிஷம்னா சொன்னீங்க?"

"ஆமா சார்."

"சரி. இப்ப நான் கேக்கறேன். எவ்வளவு நேரம் நிக்கறீங்க?"

பழக்கம் பொல்லாதது. அந்த நிமிஷத்திலும் அவள் வாய்க்குள் 'அஞ்சு' என்பதுதான் முதலில் வந்து நின்றது. கோட்டுப் போட்டவர்கள், பட்டுப் புடவை கட்டிய தாய்மார்கள், பெண்ணின் சிநேகிதிகள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சுவரைப் பார்த்தாள், பிறகு சரளாவைப் பார்த்தாள். சரளாவின் கண் நிறைந்திருந்தது.

"மூணு மணி நேரம்" என்றாள் மரகதம். "மூணு மணி நேரம் அஞ்சு நிமிஷம், சார்."

தன் வாயால் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எக்ஸ்டர்னல் சரளாவிடம் திரும்பி, கன்னடத்திலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஒரு தெருவே ஏன் அஞ்சு நிமிஷம் என்றது என்பதுதானம்மா உன் கட்டுரையிலேயே பெரிய விஷயம். அதை ஒரே வரியில் மறைத்துவிட்டாயே. இந்தம்மா சொன்னதை அப்படியே ஒரு அத்தியாயமாக எழுதிச் சேர். சனிக்கிழமைக்குள் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன். இல்லாவிட்டால் இது பாதிக் கட்டுரை."

சரளா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். எழுதினால் அம்மாவின் பொய் அச்சில் ஏறும். கல்லூரி லைப்ரரியில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அவள் கேட்காமலே கேட்டது மரகதத்துக்குப் புரிந்தது.

"எழுதுடீ" என்றாள் தமிழில், ஹாலின் கடைசி வரிசையிலிருந்து. "அல்லாத்தையும் எழுது."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தபோது வெயில் ஏறியிருந்தது. கல்லூரி வாசலில் சரளாவின் சிநேகிதிகள் இரண்டு பேர் மரகதத்துக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் குலுக்கிய தன் கையை அவள் வெகு தூரம் தனியாகப் பிடித்துக்கொண்டே வந்தாள். வானம் ரோட்டுக்கு மேலே இவ்வளவு உயரமாக இருப்பதை அன்றுதான் பார்ப்பவள் போல ஒரு முறை அண்ணாந்து பார்த்தாள். பதினெட்டு வருஷமாகத் தான் செய்ததை ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள், அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. இன்று அது ஒரு சுவர் அளவு பெரியது என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

பஸ் ஸ்டாப்பில் சிமெண்ட் பெஞ்சு காலியாக இருந்தது. மரகதம் அதில் உட்கார்ந்தாள். சரளா புத்தகத்தை மார்போடு அணைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். நூற்று முப்பத்தெட்டாம் நம்பர் பஸ் வந்து நின்றது, இருவரும் எழுந்திருக்கவில்லை, அது போய்விட்டது.

"ரொம்ப பயந்துட்டியாம்மா?"

மரகதம் குனிந்து புடவைக் கரையைச் சற்றுத் தூக்கித் தன் கணுக்காலைப் பார்த்தாள். நரம்புகள் நீலமாகப் புடைத்திருந்தன. அவற்றைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"சரளா, எனக்குக் காலு வலிக்குதுடீ."

"இப்பவா? நடந்து வந்ததுலயா?"

"இல்லடீ. ரொம்ப வருஷமா வலிச்சிக்கினு இருந்திருக்கு" என்றாள் மரகதம், ஆச்சரியத்தோடு. "இன்னிக்குத்தான் எனக்கே தெரியுது."